கூட்டல் குறிக்கும் ஓர் உரை

கணக்குப் போடும் ஒரு சிறு கருவிக்கு, கருவிகளைத் தாமே இயக்கும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய பயன்பாட்டுக் குறிப்பை 11ஆவது முறையாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மனிதருக்கு எழுதியபோது ஒரே வரி போதுமாக இருந்தது. முகவர் என்னும் இந்த மேதைக்கோ, கோணம் பாகையிலா ரேடியனிலா என்று சொல்லாமல் விட்டால், சைன் 90க்கு 1 வராமல் 0.894 வந்து நிற்கும். அதையும் கொஞ்சமும் கூச்சமின்றிப் பயனரிடம் ஒப்பித்துவிடும். அடுக்கு என்று நம்பி 2^3 என அனுப்புகிறது. பைத்தான் நிரல்மொழியில் அக்குறிக்கு வேறு வேலை என்பதால் 8க்குப் பதிலாக 1 கிடைக்கிறது. மடக்கை என்றால் எந்த அடிமானம்? 2.5ஐ முழுமையாக்கினால் 2ஆ, 3ஆ? 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வால் முளைப்பது ஏன்? அனைத்துக்கும் நானே உரையாசிரியர்.

எழுதி முடித்தால், குறிப்பு மிக நீளம், சுருக்குங்கள் என்கிறார் மேலாளர். சுருக்கினாலோ, முகவர் கருவியைத் தொடாமலே மனக்கணக்கில் இறங்கிவிடுகிறது. நேற்று சிங்கப்பூர்த் தேக்காவில் 40 வெள்ளிக்குச் சாப்பிட்டுவிட்டு, 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தையும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்க்க முகவரிடம் சொன்னேன். சேவைக் கட்டணத்துக்கும் வரி உண்டு என்பதை மறந்து, இரண்டையும் 19 விழுக்காடாக்கி 47 வெள்ளி 60 காசு என்றது. கல்லாவில் இருந்த அம்மா, பற்றுச்சீட்டு வருமுன்பே 47 வெள்ளி 96 காசு என்றார். அவருக்கு யார் குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள்?