வரிக்குள் வரும் சிக்மாவை விட்டுவிடுங்கள்

வரிக்குள் வரும் சிக்மாவின் (Σ என்ற கூட்டல் குறியின்) தலையிலும் காலடியிலும்தான் எல்லைகளை, அதாவது எங்கிருந்து எதுவரை கூட்டவேண்டும் என்பதை, போடவேண்டும் என்று அடம்பிடிக்கும் கணிதப் பேராசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலூர் அண்ணா சாலையை ஒட்டிய ஒரு சந்தில் டி.டி.பி. வேலை பார்ப்பவன் நான். காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஆய்வேடும் வினாத்தாளும் வந்துகொண்டே இருக்கும். படி திருத்தி வரும்போது பெரும்பாலும் சிவப்பு மையில் அதே குறிப்பு: "என் = 1 சிக்மாவுக்குக் கீழே வரட்டும்."

சமன்பாடு தனி வரியில் நடுவே நின்றால் நீங்கள் சொல்லாமலே அது கீழேதான் வரும், ஐயா. அங்கே சிக்மாவும் பெரிய அளவில் வரும், சுற்றி வெள்ளை இடமும் தாராளமாக இருக்கும். பத்தியின் நடுவே, சொற்களுக்கு இடையில் வரும்போதுதான் சிக்மா சிறுத்து, எல்லைகள் வலப்பக்கம் ஒதுங்குகின்றன. இது மென்பொருளின் கோளாறு அல்ல. கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் 1977-ல் தன் கணினி நிரலாக்கப் புத்தகத்தின் இரண்டாம் பாகத்துக்கு வந்த அச்சுப்படியின் தரத்தைப் பார்த்து வெறுத்துப்போய், கணிதத்தை அச்சுக்கோக்கும் டெக் மென்பொருளை எழுதத் தொடங்கினார். நல்ல கணித அச்சகங்களின் பழக்கங்களைப் பார்த்துப் பார்த்து அதில் விதிகளாக்கினார். அவற்றில் இதுவும் ஒன்று.

டெக்கில் லிமிட்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்து வரிக்குள்ளேயே எல்லைகளை மேலும் கீழும் ஏற்றலாம்தான். ஏற்றினால் என்ன ஆகும்? மேல் எல்லை முந்தைய வரியை முட்டும், கீழ் எல்லை அடுத்த வரியை இடிக்கும். இடிக்காமலிருக்க மென்பொருள் அந்த வரிகளை மட்டும் விலக்கி வைக்கும். பக்கம் முழுவதும் சீராக இருந்த வரி இடைவெளி அந்த ஓர் இடத்தில் பல் விழுந்த வாய் போல ஆகிவிடும். கணக்கைப் படிக்கிறவரின் கண் முதலில் அந்தப் பொந்துக்குத்தான் போகும். லிம், மேக்ஸ் போன்றவற்றுக்கும் இதே நியாயம்தான். சைனுக்கும் லாகுக்கும் இந்தப் பேச்சே இல்லை. அவற்றின் கீழ்க்குறி எங்கே வந்தாலும் பக்கத்தில்தான்.

தொகையீட்டுக் குறியின் (∫) கதை வேறு. தனி வரியிலும் அதன் எல்லைகள் பக்கத்திலேயே நிற்கும். குறியே நெடியது, அதன் தலைக்கு மேலும் ஓர் எண்ணை ஏற்றினால் வரி ஆளுயரத்துக்கு வளர்ந்துவிடும். குறி வலப்பக்கம் சாய்ந்திருப்பதால் மேல் எல்லை சற்று வலப்புறம் தள்ளி உட்காரும். கீழ் எல்லை வளைவின் அடியில், இடப்புறம் ஒட்டி நிற்கும். இரண்டும் நேர்க்கோட்டில் இல்லை என்று இதற்கும் சிவப்பு மை வருகிறது! சாய்ந்த குறிக்கு அதுதான் அழகு. குறியை நேராக நிறுத்தி, எல்லைகளை மேலும் கீழும் போடுவது ஜெர்மானிய அச்சு மரபு. அதைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் அது தனிப் பேச்சு.

நான் உண்மையில் மெனக்கெடுவது வேறோர் இடத்தில். சிக்மாவின் அடியில் "1 ≤ ஐ < ஜே ≤ என்" என்று நீளமான நிபந்தனை வந்தால், அந்த அகலத்துக்கு ஏற்ப இருபுறமும் இடம் விரிந்து, கூட்டப்படும் உறுப்பு சிக்மாவை விட்டு எங்கோ தள்ளிப் போய்விடும். அங்கே நிபந்தனையை இரண்டு வரியாக மடிக்கவேண்டும், அல்லது அதன் அகலத்தைக் கணக்கில் எடுக்காதபடி செய்யவேண்டும். சிக்மாவுக்குப் பிரைம் குறி, அதாவது ஒரு சிறு சாய்கோடு, வைத்து எழுதுகிறவர்களும் உண்டு. அதை அப்படியே தட்டச்சு செய்தால் தனி வரியில் அந்தக் குறி சிக்மாவின் உச்சந்தலையில் ஏறி உட்காரும். தோளில் இறக்கி வைக்க சைட்செட் என்று தனிக் கட்டளை இருக்கிறது. இதையெல்லாம் யாரும் திருத்துவதில்லை. திருத்த வேண்டியது இதுதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். தனி வரிகளில் தொகையீட்டின் எல்லைகளும் மேலும் கீழும்தான் வேண்டும் என்றால் வேலை தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். டெக்கோடு சேர்த்துக்கொள்ளும் ஏ.எம்.எஸ். (அமெரிக்கக் கணிதக் கழகம்) கணிதத் தொகுப்பை அழைக்கும் இடத்தில் இண்ட்லிமிட்ஸ் என்று ஒரு சொல் சேர்த்தால் ஆய்வேடு முழுவதும் ஒரே சீராக மாறிவிடும். மூன்றாம் அத்தியாயத்துக்கு மட்டும் அப்படி, நான்காம் அத்தியாயத்துக்கு இப்படி என்று நாளை பைண்டிங்குக்குப் போகும் தாளைக் கொண்டுவந்து கேட்காதீர்கள்.