முதல் பத்து குப்பி எங்கே ஏறுகிறது?

டெல்டாவில் ஆரம்ப சுகாதார நிலையம் எப்படி நடக்கிறது என்று கேட்டால் தடுப்பூசிக் கணக்கையும் பிரசவக் கணக்கையும் காட்டுவார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பாம்புக்கடியோடு வருகிறவருக்கு விஷமுறிவு மருந்து அங்கேயே ஏறுகிறதா, சீட்டு எழுதி மேலே அனுப்புகிறார்களா? நான் பார்ப்பது அதைத்தான்.

கதிர் முற்றும் நேரத்தில் வரப்பெல்லாம் எலி வளை. எலி இருக்கும் இடத்தில் கண்ணாடி விரியன் இருக்கும். அது கடித்தால் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய லேப் எதுவும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ஓடினால் விஷம் வேலை செய்கிறது. குழாயில்தான் கோட்டை விடுகிறோம். பிளாஸ்டிக் குழாய் என்றாலோ, சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடி என்றாலோ, நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும்.

கட்டுவிரியன் இந்தச் சோதனையில் சிக்காது; அதன் விஷம் தாக்குவது நரம்பை. பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும்; பல் தடமோ வீக்கமோ பெரும்பாலும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார்கள். பாம்பு என்று பெயர் சொல்லாமல் 'பூச்சி கடிச்சிருக்குமோ' என்பார்கள். வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டால் ஆள் தப்புவது கஷ்டம். விரலைக் காட்டி மேலே பார்க்கச் சொன்னால் இமை சரிவது தெரிந்துவிடும்.

விஷ அறிகுறி இருந்தால் தொடக்கத்தில் விஷமுறிவு மருந்து 10 குப்பி, ஒரு மணி நேரத்தில் சலைனோடு. குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு குழந்தைக்கென்று விஷத்தைக் குறைத்து இறக்காது. மருந்துப் பொடியைக் கரைக்கும்போது குலுக்கினால் நுரைத்துவிடும், உள்ளங்கையில் மெல்ல உருட்ட வேண்டும்.

இந்த மருந்தால் அலர்ஜி வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் டாக்டர்கள் பலர் கைவைக்கத் தயங்குகிறார்கள். பயம் நியாயமானது. அதற்குத்தான் அலர்ஜியை அடக்கும் அட்ரினலின் ஊசி: பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில். விஷமுறிவு மருந்தைத் தொடங்குமுன்பே அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கோடியக்கரைப் பக்கத்திலிருந்து திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கு வெறும் சீட்டோடு அனுப்புவது அந்த அலர்ஜியைவிடப் பெரிய ஆபத்து. மூச்சுத் தசை தளர்ந்தால் வழியிலேயே அம்பு பையை (Ambu bag, கையால் அழுத்தி மூச்சுக்காற்று கொடுக்கும் பை) அழுத்த ஆள் வேண்டும்.

2024இல் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது; அதாவது கடிபட்டு வருகிறவர்களைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல முடிவு. அப்படித் தெரிவிக்கும் படிவத்திலும், மேலே அனுப்பும் ரெஃபரல் சீட்டிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: முதல் குப்பி ஏறிய நேரம், ஏற்றிய இடம்.