அந்தப் பையனுக்குப் பதில் சொல்லியிருக்கலாம்

அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. பையனின் முகம் தெளிவாகத் தெரிகிறது. ஏற்கெனவே எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிவிட்டது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். போதை விழிப்புணர்வுக் கூட்டம். ஒன்பதாம் வகுப்புப் பையன் எழுந்து, "சார், கஞ்சாச் செடியிலிருந்து வலிப்பு நோய்க்கு மருந்து எடுக்கிறாங்கன்னு படிச்சேன், அது உண்மையா சார்?" என்று கேட்கிறான். பேச வந்தவர் மைக்கிலேயே, "உனக்கு எங்கடா கிடைக்குது?" என்கிறார். மைதானமே சிரிக்கிறது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆசிரியர் ஒருவர் வந்து அவன் புத்தகப் பையைக் கொட்டிப் பார்க்கிறார்.

கீழே கமெண்டில் "சரியான செருப்படி" என்று எழுதியிருக்கிறார்கள். என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அவன் கேட்டதற்குப் பதில்: ஆமாம், உண்மை. 2018 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., எபிடியோலெக்ஸ் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது. குழந்தைகளுக்கு வரும் டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு கொடுமையான வலிப்பு நோய்களுக்கு. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த சிபிடி என்ற பொருள்தான் அந்த மருந்து. போதை தருவது அது இல்லை, டிஎச்சி என்ற வேறொரு பொருள். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டன், சிறப்பு மருத்துவர்கள் கஞ்சா மருந்துகளை எழுதிக் கொடுக்கலாம் என்று சட்டத்தை மாற்றியது. கடுமையான வலிப்பு வந்த பிள்ளைகளின் அம்மாக்கள் தெருவுக்கு வந்து போராடியதால் நடந்த மாற்றம் அது. இன்னும் பின்னால் போனால், 1839-இல் நம் கல்கத்தாவில் ஓஷானெஸி என்ற மருத்துவர், வலிப்பு வந்த நாற்பது நாள் குழந்தைக்குக் கஞ்சாச் சாறு கொடுத்துப் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். பையன் உளறவில்லை. படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறான்.

இதைச் சொல்லிவிட்டு அடுத்ததையும் சொல்லியிருக்கலாம். தெருமுனையில் பொட்டலத்தில் விற்பது அந்த மருந்து இல்லை தம்பி. மருந்தில் எத்தனை மில்லிகிராம் என்று அளவு இருக்கிறது, பக்கவிளைவைப் பார்க்க மருத்துவர் இருக்கிறார். உன் வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, இந்த வயதில் அடிக்கடி புகைத்தால் மனச்சிதைவு போன்ற நோய் வரும் ஆபத்து கூடுகிறது என்று. ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா? அந்த ஐந்து நிமிடம்தான் அன்றைய கூட்டத்திலேயே உருப்படியான பகுதியாக இருந்திருக்கும்.

பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பொய் சொல்லிப் பயமுறுத்துவதை உலகம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் போலீஸ்காரர்களைச் சீருடையோடு வகுப்புக்கு அனுப்பி 'டேர்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். கோடிக்கணக்கான பிள்ளைகள் அதில் உட்கார்ந்து எழுந்தார்கள். பிறகு ஆய்வுக்கு மேல் ஆய்வு வந்தது: அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கும் இல்லாத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கடைசியில் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. நாம் இப்போது அதே பழைய பாடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் "விஷம், தொட்டால் சாவு" என்று சொன்னால் என்ன ஆகும்? சட்டமே அப்படிச் சொல்லவில்லையே. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூ, காய்த் தலைப்பகுதி. அதோடு சேராத இலையும் விதையும் அதில் வராது. அதனால்தான் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு, கஞ்சா இலையை அரைத்துச் செய்கிற பாங்கு விற்கும் கடை நடக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து எடுக்கும் வாக்கெடுப்பு 27-25 என்று வென்றபோது, அந்த 27-இல் இந்தியாவும் ஒன்று. ஒன்பதாம் வகுப்புப் பையன் இதையெல்லாம் போனில் ஒரு நிமிடத்தில் படித்துவிடுவான். மேடையில் சொன்னது பொய் என்று தெரிந்த அந்த நிமிடமே, அதே மேடையில் சொன்ன மற்ற எச்சரிக்கையும் அவனுக்குப் பொய்யாகிவிடும். மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருளைப் பற்றிச் சொன்னாலும் நம்ப மாட்டான், உதட்டுக்குள் வைக்கிற கூல் லிப் புகையிலையைப் பற்றிச் சொன்னாலும் நம்ப மாட்டான்.

இன்னொரு பக்கம், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட பையன்களைப் பற்றி நம் செய்தித்தாள்களில் வராத வாரம் உண்டா? அப்படி ஏற்றிக்கொள்கிற டபென்டடால், மருத்துவர் எழுதித் தரும் வலி மாத்திரைதான். மருந்து வேறு, போதை வேறு என்று கோடு போட்டுக் கற்றுக்கொடுத்தால் "இது மருந்துதானே" என்று போட்டுக்கொள்கிறார்கள். மருந்தே போதையும் ஆகும், போதைப்பொருளே மருந்தும் ஆகும், யார், எதற்கு, எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பையனின் கேள்வி இந்த இடத்துக்குத்தான் கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. அவன் பையைக் கொட்டிவிட்டார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். என் அப்பா சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதியவர். பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது, வெற்றிலைகூடப் போட மாட்டார். கடைசிக் காலத்தில் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியது. பெரிய ஆஸ்பத்திரியில், அபினிலிருந்து எடுக்கிற வலி மருந்தான மார்பின் மாத்திரையை எழுதினார்கள், நாலு மணி நேரத்துக்கு ஒன்று. கொடுத்தது தீர்ந்ததும் எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்களில் சீட்டை நீட்டினால், "இதெல்லாம் இங்க வராதும்மா" என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் சித்தப்பா, "அண்ணனுக்குப் போய் அபின் குடுக்குறீங்களா?" என்று சத்தம் போடுகிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்த அப்பா, மாத்திரை இருந்த நாட்களிலும் அதை விழுங்காமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "நான் பீடிகூடக் குடிச்சதில்லையேம்மா, சாகப் போற நேரத்தில் எனக்கு இந்தப் பேர் வேணுமா?" என்றார்.

அவருக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தது யார்? நோயா? 1985 சட்டம் வந்த பிறகு, உரிமத்துக்கு மேல் உரிமம், தவறினால் சிறை என்ற பயத்தில், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இந்தியாவில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்பின் 97 சதவீதம் குறைந்துபோனது. மருத்துவத்துக்கான அபினை விளைவித்து உலகத்துக்கு விற்கிற நாடு இது. இங்கே புற்றுநோயாளிகள் கத்திக்கொண்டு செத்தார்கள். கேரளத்தில் வலி தணிப்பு மருத்துவரான டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்காகப் போராடிய பிறகுதான் 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டம் மாறியது, சித்தப்பாக்கள் மாறவில்லை. சித்தப்பாவும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு மைதானத்தில் உட்கார்ந்து சிரித்தவராகத்தான் இருப்பார்.

இதை எழுதினால் என்ன வரும் என்று தெரியும். "கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்குகிறாள்." கஞ்சா விற்கிறவனைப் பிடிக்காதே என்று நான் எங்கே எழுதியிருக்கிறேன்? ஒரு வரி காட்டுங்கள். பள்ளி வாசலில் பொட்டலம் விற்கிறவனைப் பிடியுங்கள், தாராளமாக உள்ளே போடுங்கள். எனக்கும் பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். அவள் பைக்கு அருகில் அவன் வரக்கூடாது என்று உங்களைவிட எனக்கு அக்கறை அதிகம். அதனால்தான் கேட்கிறேன், அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பாள்? அந்த மேடையிலா? இனி கேட்பாளா?

"அந்த வயதுப் பிள்ளைகள் மருந்து என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்" என்று ஒரு தோழி இன்பாக்ஸில் எழுதியிருந்தார். சிலர் பிடித்துக்கொள்வார்கள்தான். அதற்காக மறைத்தால் யூடியூப்பில் பாதி உண்மையைப் பிடித்துக்கொள்வார்கள். நல்ல ஆசிரியர் வாயிலிருந்து வருவதே மேல்.

"பேச வந்தவருக்கு ஆயிரம் வேலை, ஏதோ டென்ஷனில் சொல்லிவிட்டார்" என்பவர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. பையனுக்கும் அன்றைக்கு ஆயிரம் பேர் முன்னால் நிற்கிற டென்ஷன் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. 2019-இல் வந்த எய்ம்ஸ் கணக்கெடுப்பில், இந்தியாவில் மது குடிப்பவர்கள் சுமார் 16 கோடி, கஞ்சா வகைகளைப் பயன்படுத்துபவர்கள் சுமார் 3 கோடி. நம் மாநிலத்தில் அந்த மதுவை விற்பது அரசாங்கம். வருஷத்துக்கு 45,000 கோடிக்கு மேல் அதில் வருமானம். உறுதிமொழி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் பிள்ளைகள் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகிறார்கள். அதைப் பற்றி ஒரு பிள்ளை எழுந்து கேட்டிருந்தால் அவன் பையையும் கொட்டியிருப்பார்களா? குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவை அடிக்கிற அப்பனைப் பற்றி இந்த விழிப்புணர்வுக் கூட்டங்களில் யார் பேசுகிறார்கள்?

சரி. அந்த மைதானத்தில் ஏற்கெனவே ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்ட பிள்ளை ஒருவனாவது உட்கார்ந்திருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேள்வி கேட்டவனுக்கு நடந்ததை அவனும் பார்த்தான். இனி அவன் எந்த ஆசிரியரிடமும் வாயைத் திறக்க மாட்டான். அவனுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் அதே 1985 போதைப்பொருள் சட்டத்தில் இருக்கிறது. பிரிவு 64ஏ: பழக்கத்துக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியிருந்தாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் தண்டனை நடவடிக்கை கிடையாது. போதை மீட்புக்கு இலவசத் தொலைபேசி எண் ஒன்றும் இருக்கிறது, 14446. நான் பார்த்த வரை அந்த வீடியோவில் இந்த இரண்டையும் யாரும் சொல்லவில்லை.

கமெண்டில் சண்டை போட வருகிறவர்கள் வரலாம், பதில் சொல்கிறேன். வருவதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த எண் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.