தாத்தாவின் டியூப்லைட்

நேற்று முன்தினம் எங்கள் பவளத் தொட்டிக் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. உயிருள்ள பவளம் வளர்க்கப் புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைக்கும் தம்பி ஒருவர் விளக்கு பற்றிக் கேட்டார். நான்கடித் தொட்டிக்கு டி5 என்ற மெல்லிய குழல்விளக்குகள் நான்கு போதும் என்று எழுதினேன். உடனே, எல்இடி காலத்தில் குழல்விளக்கா என்று என் தொட்டியின் படத்தை எடுத்துப் போட்டு, "தாத்தாவின் டியூப்லைட்" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் அந்தத் தம்பி தன் கேள்வியையே அழித்துவிட்டுப் போனதைத்தான் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

பவளத்திற்கு வேண்டிய ஒளி வேறு, நம் கண்ணுக்குப் பிடிக்கும் ஒளி வேறு. அன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். விளக்கின் அட்டையில் அச்சிட்டிருக்கும் லூமென் என்ற வெளிச்ச அளவு, மனிதக் கண்ணை வைத்துப் போட்ட கணக்கு; பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்குக் கூர்மை 555 நானோமீட்டர் பச்சையில். பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசிக்கோ, கடலில் ஆழம்வரை இறங்கும் நீல ஒளிதான் பழக்கம். நீலக் குழல் நமக்கு மங்கலாகத் தெரிந்தால் அது குழலின் குற்றம் அன்று.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் தொட்டியில் ஒரே குழல்களைப் பதினெட்டு மாதம் எரியவிட்டேன். எரிகிறதே, அப்புறம் என்ன என்ற எண்ணம். உள்பூச்சு நலிந்து நிறம் மாறியது கண்ணுக்குத் தெரியவில்லை. ஊதாவாக இருந்த அக்ரோபோரா என்ற கிளைப் பவளம் மட்டும் காப்பிப் பொடி நிறத்துக்குப் போனது. தண்ணீரைக் குறை சொன்னேன், உப்பை மாற்றினேன், கடைக்காரரிடம் சண்டை போட்டேன். கடைசியில் நான்கு குழல்களையும் ஒரே இரவில் மாற்றினேன். புதுக் குழல்களின் திடீர் வெளிச்சம் தாங்காமல் ஐந்தாம் நாள் கிளை நுனிகள் வெளுத்து நின்றன. "பல்லு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. அன்றிலிருந்து, மாற்றும்போது வாரத்துக்கு ஒரு குழல்தான்.

எல்இடி தெரியாதவன் பேசுகிறான் என்பார்கள். படுக்கையறைச் சிறு தொட்டியில் எல்இடிதான் எரிகிறது, நல்ல விளக்கு. ஆனால் புள்ளியிலிருந்து பாயும் ஒளியில் மேல்கிளையின் நிழல் கீழ்க்கிளையைத் தின்னும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரதிபலிப்பான் வைத்த குழல்களின் கீழ் அந்த நிழல் வெகுவாகக் குறையும். மின்கட்டணமா? 54 வாட் வீதம் நான்குக்கு 216 வாட். சிங்கப்பூர் வெக்கையில் குளிரூட்டியும் ஓடுகிறது. பணம் கட்டுவது நான்.

குழலுக்குள் இருக்கும் பாதரசம் என்ற ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. பொதுப் பயன்பாட்டுக் குழல்விளக்குகளை 2027-க்குள் நிறுத்த பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் ஒப்புக்கொண்டுவிட்டன. அவை நின்றபின் எங்கள் நீலக் குழல் மட்டும் எத்தனை நாள் வரும்? கட்டிலுக்கடியில் ஆறு குழல்கள் வைத்திருக்கிறேன். இதைச் சொல்லி என்னை மறுத்திருந்தால் தலைவணங்கியிருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை, தாத்தா என்றுதான் சொன்னார்கள்.

முதலில் சிரித்தவரின் முகப்புப் படத்தில் பச்சையாக மின்னுகிறதே ஓர் அக்ரோபோரா, அது இதே குழல்களின் கீழ் வளர்ந்த கிளையிலிருந்து நான் உடைத்துக் கொடுத்தது. காசு வாங்கவில்லை.

தம்பி, இதைப் படித்தால் உள்பெட்டியில் கேளுங்கள். தொட்டியின் ஆழம் எத்தனை அங்குலம் என்பதை மட்டும் அளந்து சொல்லுங்கள்.