மகளுக்குப் பங்கு உண்டு, பொறுப்பு மட்டும் கிடையாதா?

திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் பனியன் கம்பெனிக் கணக்குகள்தான். அப்பா ஆரம்பித்த கம்பெனி பிள்ளைகள் கைக்கு மாறும்போது கூட்டாண்மைப் பத்திரத்தைத் திருத்தி எழுத எங்களிடம் வருவார்கள். "பெரியவனுக்கு நாற்பது, சின்னவனுக்கு நாற்பது, எனக்கு இருபது போட்டுடுங்கம்மா" என்பார் அப்பா. மகள் பெயர் பேச்சிலேயே வராது. நாமாகக் கேட்டால், "அதுக்குத்தான் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சே" என்று பதில் வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் அந்த மகள்தான் மெர்ச்சண்டைசிங் முழுவதையும் பார்த்தார். பையருடன் பேசுவது, சாம்பிளுக்கு ஒப்புதல் வாங்குவது, ஷிப்மென்ட் தேதியைத் துரத்துவது எல்லாம் அவர் வேலை. டையிங்கிலிருந்து (சாயப் பட்டறையிலிருந்து) துணி வந்தால், நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸுக்குள் லேப் டிப்பையும் (நிறத்துக்கு முன்பே ஒப்புக்கொண்ட மாதிரித் துணித் துண்டு) வந்த துணியையும் ஒட்டி வைத்துப் பார்ப்பார். ஷேட் கொஞ்சம் மாறியிருந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். கல்யாணம் ஆன பிறகும் தினமும் வந்தார். அவர் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது, பத்திரத்தில் இல்லை. அப்பா காலமானதும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில், அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரத்தில், கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவர் கம்பெனிக்கு வருவதும் நின்றுபோனது. அடுத்த சீசனில் பையர் அவர் பெயரைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்.

சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989இலேயே திருத்தம் கொண்டுவந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: பிறப்பிலேயே உரிமை வந்துவிடுகிறது, இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இதெல்லாம் சொத்துக்கு. தொழிலை நடத்தும் இடத்தில் யார் உட்காருவது என்பதைச் சட்டம் சொல்லாது. கூட்டாண்மை நிறுவனம் என்றால் பத்திரத்தில் எழுதியிருப்பதுதான். லிமிடெட் கம்பெனி என்றால் பங்குதாரர்களின் ஓட்டு.

ஓட்டு எப்படி விழும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 1900இல் பர்மாவில் தொடங்கிய முருகப்பா குழுமம், நூறு வருடத்துக்கு மேல் கட்டுக்கோப்பாக நடக்கும் குடும்பத் தொழிலுக்கு எல்லோரும் கைகாட்டும் பெயர். எனக்கும் மரியாதை உண்டு. அந்தக் குடும்பத்தின் எம்.வி. முருகப்பன் 2017இல் காலமானார். அவருக்கு இரண்டு மகள்கள். குழுமத்தின் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் இவர்கள் பக்கம் 8 சதவீதத்துக்கு மேல் பங்கு இருந்தது. மூத்த மகள் வள்ளி அருணாசலம் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இயக்குநர் குழுவில் ஓர் இடம் கேட்டார். 2020 செப்டம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில் 91 சதவீதத்துக்கும் மேல் எதிர்த்து ஓட்டு. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. 2023இல்தான் சமரசம் ஏற்பட்டது.

வெளிநாட்டில் வேறு துறையில் இருந்தவருக்கு இயக்குநர் குழுவில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதே கேள்வியை மகன்களிடமும் கேட்க வேண்டும். நான் பார்த்த வரையில், வெளிநாட்டில் எம்பிஏ முடித்துவிட்டுக் கட்டிங் டேபிள் பக்கமே போகாத மகனுக்கு ஊர் திரும்பிய வாரமே கேபின் தயாராகிவிடுகிறது. அனுபவம் பற்றி அவனிடம் யாரும் கேட்பதில்லை.

"வேற வீட்டுக்குப் போற பொண்ணு" என்ற பேச்சுக்கும் பதில் சென்னையிலேயே இருக்கிறது. மல்லிகா சீனிவாசன் வாழ்க்கைப்பட்டது டிவிஎஸ் குடும்பத்தில். நடத்தியது அப்பா சிவசைலத்தின் டிராக்டர் நிறுவனமான டாஃபேயை. 1986இல் உள்ளே வந்தார். 2005இல் ஐஷரின் டிராக்டர் தொழிலை வாங்கினார். இன்று டாஃபே நாட்டின் முன்னணி டிராக்டர் நிறுவனங்களில் ஒன்று. புகுந்த வீட்டிலும் பெரிய தொழில் இருந்ததால் அப்பாவின் தொழிலை விட்டுவிட வேண்டும் என்று ஆகவில்லை. சிவசைலம் மகளைச் சும்மா ஒரு பதவியில் உட்கார வைக்காமல் முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். நம் ஊர் அப்பாக்கள் செய்யத் தயங்குவது அதைத்தான்.

உண்மையான பயம் மாப்பிள்ளை மேல். "நாளைக்கு மாப்பிள்ளை கைக்குப் போயிடும்" என்று எங்கள் அலுவலகத்தில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அதற்கு வழி இருக்கிறது. கூட்டாண்மைப் பத்திரத்தில் மற்றவர்கள் சம்மதம் இல்லாமல் புதுப் பங்காளி சேர முடியாது என்று ஒரு வரி போதும். பிரைவேட் லிமிடெட் என்றால் பங்கை வெளியே மாற்றுவதற்குக் கட்டுப்பாடு அதன் விதிகளிலேயே இருக்கும். மகன் பங்கு மருமகள் கைக்குப் போய்விடுமோ என்று பயந்து மகன் பெயரை எடுக்கச் சொன்ன அப்பாவை நான் இதுவரை பார்க்கவில்லை.

இது வெறும் நியாயம் பற்றிய பேச்சும் இல்லை. லாபத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. வேலை தெரிந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, விருப்பமே இல்லாத மகனைக் கல்லாவில் உட்கார வைத்தால் முதல் வருடக் கணக்கில் ஒன்றும் தெரியாது. அப்பா பிடித்துவைத்த ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் சரக்கில் குறை சொல்லிப் பையர் பணம் பிடிக்கும் கிளெய்ம் வரும், தாமதத்தால் கப்பலில் போக வேண்டிய சரக்கு கூடுதல் செலவில் விமானத்தில் போகும், பேங்க் ஓடி (ஓவர்டிராஃப்ட் கடன்) வரம்பைத் தொடும். அதன் பிறகு சம்பளத்துக்கு ஆள் தேடுவார்கள். அந்த ஆள் வேலையைக் கற்றுக்கொள்ளும் வரை நஷ்டம்தான்.

அப்பாக்களிடம் கேட்பது ஒன்று. தெம்பாக இருக்கும்போதே பிள்ளைகள் எல்லோரையும், மகளையும் சேர்த்து, உட்கார வைத்துப் பேசுங்கள். யாருக்குச் சொத்து, யாருக்கு நிர்வாகம் என்று தனித்தனியாக எழுதி வையுங்கள். நிர்வாகம் பார்க்கும் பிள்ளைக்கு அதற்கான சம்பளம், சும்மா இருக்கும் பிள்ளைக்குப் பங்குக்கான லாபம் மட்டும். இதில் மகன், மகள் என்று பார்க்காதீர்கள்.

மகள்களே, விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும் என்று அழைத்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். கடைசி மூன்று வருட பேலன்ஸ் ஷீட், கூட்டாண்மைப் பத்திரத்தின் நகல், இடமும் கட்டடமும் யார் பெயரில் இருக்கின்றன என்ற விவரம், இவற்றைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வெளியே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அதற்கப்புறமும் விட்டுக்கொடுக்கத் தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள், எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.