பூச்சி மாத்திரை பிள்ளைகளுக்கு மட்டும் போதுமா?

எங்கள் ஊர் திமிரி பக்கம். இரண்டு வருடத்துக்கு முன்பு அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கொல்லையிலிருந்து (விளைநிலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருக்கும். ஹீமோகுளோபின் 7. ஆறு மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் பெரிதாக ஏறவில்லை. அப்புறம் வேறொரு மருத்துவர்தான், "கொல்லையில செருப்பு போடுவீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு மலப் பரிசோதனைக்கு எழுதினார். கொக்கிப்புழு.

செருப்பை வரப்பில் விட்டுவிட்டுத்தான் அம்மா மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை எடுக்க இறங்குவார். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். ஈர மண்ணில் கிடக்கும் புழுக்குஞ்சு பாதத்தைத் துளைத்து உள்ளே போகிறது. ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கும்போது வயிற்றுக்குள் இறங்கி, சிறுகுடலைக் கவ்விக்கொண்டு வருடக்கணக்கில் ரத்தம் குடிக்கிறது.

அதற்கான மருந்து ஆல்பெண்டசோல், 400 மில்லிகிராம். புழுவின் டியூபுலின் என்ற புரதத்தை அது பிடித்துக்கொள்ள, குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல் புழு பட்டினியில் சாகிறது. ஆனால் மண்ணில் இருக்கும் குஞ்சை அது ஒன்றும் செய்யாது. மறுநாளே வெறுங்காலோடு இறங்கினால் மறுபடியும் ஏறிக்கொள்ளும்.

குடற்புழு நீக்க முகாமில் 1 முதல் 19 வயது வரை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும் சேர்த்திருக்கிறார்கள். ரொம்ப நல்ல காரியம். சரி, 54 வயதில் தினமும் மண்ணில் நிற்கும் என் அம்மா எந்தக் கணக்கில் வருவார்?

வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் டீவார்ம்3 ஆய்வை நடத்தியது எங்கள் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும்தான். இரண்டுமே பழைய வட ஆற்காடு. பெனின், மலாவி நாடுகளிலும் இதே ஆய்வு நடந்தது. பள்ளிப் பிள்ளைகளோடு நிறுத்தாமல், ஒரு வயது தாண்டிய எல்லோருக்கும் வருடம் இரண்டு முறை, மூன்று வருடம் மாத்திரை கொடுத்தால் தொற்றுச் சங்கிலி அறுபடுமா என்று பார்த்தார்கள். மருந்து கொடுக்கும் முன் எடுத்த கணக்கிலேயே, இங்கே கொக்கிப்புழுதான் அதிகம், வயது கூடக்கூட அதுவும் கூடுகிறது என்று தெரிந்தது. பெரியவர்கள் வயிற்றில் புழுவை விட்டுவைத்தால் அதன் முட்டை மறுபடியும் மண்ணுக்குத்தானே வரும்? பிள்ளைகளும் அதே மண்ணில்தானே விளையாடுகிறார்கள்?

ரத்தசோகை என்று வரும் கொல்லைவேலைப் பெண்களுக்கு, வயது பார்க்காமல் மலப் பரிசோதனை செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதை வழக்கமாக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அம்மாவுக்கு இப்போது ஹீமோகுளோபின் 11. கொல்லைக்கென்றே ரப்பர் ஷூ வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் கால் வேர்க்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார். இப்போது பழகிவிட்டது. பக்கத்துக் கொல்லை அத்தையும் அதே மாதிரி ஒன்று கேட்டிருக்கிறார்.