மெக்ஃபேடன் புராணம் பாடுகிறவர்களுக்கு

அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வை எதிர்த்ததற்காக விஷம் வைத்துக் கொல்லப்பட்ட தியாகி என்று, லூயிஸ் மெக்ஃபேடன் என்கிற அந்நாட்டு அரசியல்வாதியைப் பற்றி ஒரு வீடியோ சுற்றுகிறது. நேற்று அதற்குக் கீழே நான் மறுத்துப் போட்ட ஒற்றை வரிக்கா இவ்வளவு வசவு? சரி, விவரமாகவே சொல்கிறேன்.

லூயிஸ் மெக்ஃபேடன் பெடரல் ரிசர்வை எதிர்த்து நின்ற தியாகி இல்லை. அதற்குச் சாகாவரம் கொடுத்ததே அவர்தான். 1913 சட்டப்படி பெடரல் ரிசர்வின் அங்கமான ரிசர்வ் வங்கிகளுக்கு ஆயுள் 20 வருடம். அந்தக் கெடுவைத் தூக்கியது 1927 சட்டம். அதன் பெயரே மெக்ஃபேடன் சட்டம்! பின்னணி இசை சேர்த்தவர்களுக்கு இதைச் சேர்க்க மட்டும் இடமில்லாமல் போய்விட்டது.

மனிதர் வளர்ந்த விதம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. பென்சில்வேனியாவில் கேன்டன் என்கிற சின்ன ஊர். 1892இல் அங்குள்ள வங்கியில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, 1899இல் கேஷியர், 1916இல் தலைவர். நடுவில் 1914 தேர்தலில் ஜெயித்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பிரதிநிதிகள் சபைக்கும் போய்விட்டார்.

சின்ன ஊர் வங்கிக்காரர் என்பதால்தானோ என்னவோ, பெரிய வங்கிகள் கிளை பரப்பக் கூடாது என்பதில் பிடிவாதம். அதே 1927 சட்டத்தில், மத்திய அரசிடம் உரிமம் வாங்கிய தனியார் வங்கிகளான 'தேசிய வங்கி'களைச் சொந்த ஊருக்குள்ளேயே கட்டிப்போட்டார். இங்கே நான் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்தபோது ஒரு வருடம் மழை பொய்த்துக் கடலை மொத்தமும் போனது. நகைக்கடனுக்கு வட்டி கட்டக்கூட ஆள் வரவில்லை. தலைமை அலுவலகம் இருந்ததால் கிளை பிழைத்தது. அமெரிக்காவின் ஒற்றை ஊர் வங்கிகளுக்கு அந்த ஆதரவு ஏது? 1930 முதல் 1933 வரை ஏறக்குறைய 9,000 வங்கிகள் மூடின. கிளைகள் பரவிய கனடாவில் ஒன்றுகூட விழவில்லை.

"1932இல் சபையில் ரிசர்வைக் கிழித்தாரே?" கிழித்தார். 1920 முதல் 1931 வரை அந்தச் சபையின் வங்கிக் குழுவுக்குத் தலைவராக இருந்தபோது என்ன செய்தார்? சாகாவரம் கொடுத்தார். பதவி போன பிறகு வந்த வீரம் அது. 1933இல் அதே சபையில் யூதர்கள்மேல் பழி போட்டுப் பேசியதையும் வீடியோவில் காட்டுங்களேன்.

"பேங்க்காரன், அப்படித்தான் பேசுவான்" என்கிறீர்கள். மெக்ஃபேடனும் பேங்க்காரர்தானே ஐயா? வீடியோவில் வந்தால் தியாகி, தெருவில் இருந்தால் கைக்கூலியா?

அப்புறம் அந்த விஷக் கதை. 1934இல் தோற்றார், 1936இல் இறந்தார். விஷம் வைத்ததற்கு ஆதாரம் கேட்டேன், குடும்பக் குழுவிலிருந்தே என்னைத் தூக்கிவிட்டார் சித்தப்பா. போன மாதம் லாக்கர் நாமினி படிவத்தை நிரப்பித்தரச் சொல்லி வந்தபோது மட்டும் இந்தக் கைக்கூலி தேவைப்பட்டான்.